பவர் சப்ளை கெடுத்த கொமடோர் 64 மதர்போர்டை மீட்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

1982-இல் விற்பனைக்கு வந்த கொமடோர் 64 கம்ப்யூட்டருக்கு மிகப் பெரிய எதிரி, அதனுடன் பெட்டியிலேயே வந்த பவர் சப்ளைதான். செங்கல் மாதிரி கனக்கும் அந்தப் பெட்டிக்குள் டிரான்ஸ்பார்மரையும், வோல்டேஜைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரையும் வைத்து, பல மாடல்களில் எபாக்சி பிசின் ஊற்றி மூடிவிட்டார்கள். சூடு வெளியேற வழியே கிடையாது. வருடக்கணக்கில் உள்ளுக்குள் வெந்த ரெகுலேட்டர் சாகும்போது அமைதியாக அணைந்து போவதில்லை. 5 வோல்ட் வர வேண்டிய கம்பியில் 6, 7 என்று ஏற்றிவிட்டுத்தான் போகிறது.

அந்த 5 வோல்ட் கம்பிக்கு மதர்போர்டில் ப்யூஸ் கிடையாது. போர்டில் ஒரு ப்யூஸ் இருப்பது உண்மைதான், 1.5 ஆம்பியர். ஆனால் அது 9 வோல்ட் ஏசி பாதையை மட்டும் காக்கிறது. சப்ளையிலிருந்து வரும் 5 வோல்ட், சுவிட்சையும் ஒரு சிறு காயிலையும் தாண்டினால் நேராக ரேம், சிபியு, ரோம் எல்லாவற்றுக்கும் போய்விடும். 4164 என்ற எண் கொண்ட ரேம் சிப்களுக்கும் 74எல்எஸ் வகைச் சாதாரண லாஜிக் சிப்களுக்கும் அதிகபட்ச எல்லையே 7 வோல்ட்தான். அதனால் முதலில் சாவது பெரும்பாலும் ரேம்.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. பழைய பெரிய போர்டுகளில் வீடியோவைக் கவனிக்கும் விக் சிப்புக்கும், சிப்களுக்குத் துடிப்பு கொடுக்கும் கடிகாரச் சுற்றுக்கும் தனி 5 வோல்ட் இருக்கிறது. 9 வோல்ட் ஏசியை போர்டிலேயே டிசியாக மாற்றி, 7805 ரெகுலேட்டர் வழியாக அதைத் தயாரிக்கிறார்கள். சப்ளையின் 5 வோல்ட் எகிறினாலும் இந்தப் பாதை அதில் நேரடியாகச் சிக்குவதில்லை. இன்று புதிதாகச் செய்யப்படாத விக் சிப் பல போர்டுகளில் தப்பிப் பிழைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதனால் ஸ்க்ரீன் கறுப்பாக இருப்பதைப் பார்த்து போர்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வரிசையாகத் தேடினால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். வரிசை இல்லாமல் சிப் சிப்பாகக் கழற்றினால், சப்ளை செய்த சேதத்தைவிட நாம் செய்யும் சேதம்தான் அதிகமாகும்.

படி 1: பழைய சப்ளையைச் சோதித்து ஒதுக்குங்கள்

இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம் என்று அந்தச் சப்ளையை போர்டில் செருகாதீர்கள். ஏற்கெனவே ஒரு ரேம் மட்டும் போயிருந்தால், அந்த இன்னொரு தடவையில் எட்டு ரேமும் போய்விடலாம்.

தனியாக வைத்து அளந்து பாருங்கள். 7 பின் கொண்ட அந்த வட்ட பிளக்கில் 5-ஆவது பின்னில் +5 வோல்ட், 2-ஆவது பின்னில் கிரவுண்டு, 6-க்கும் 7-க்கும் நடுவில் 9 வோல்ட் ஏசி. பின்களின் எண் வரிசை பிளக்கை முன்னாலிருந்து பார்ப்பதற்கும் பின்னாலிருந்து பார்ப்பதற்கும் கண்ணாடிப் பிம்பமாக மாறும். அதனால் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதில் தெளிவாக இருந்துவிட்டு மல்டிமீட்டர் முனையை வையுங்கள்.

சுமை இல்லாமல் 5.0 வோல்ட் காட்டிவிட்டதால் சப்ளை நல்லது என்று ஆகிவிடாது. பாதி செத்த ரெகுலேட்டர் குளிர்ச்சியாக இருக்கும்போது ஒழுங்காகவே நடந்துகொள்ளும். சூடேறிய பிறகுதான் எண் ஏறத் தொடங்கும். 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் முதலைக் கிளிப்பால் மாட்டுங்கள். 1 ஆம்பியர் ஓடும், ரெசிஸ்டர் கையைச் சுடும் அளவுக்குக் காயும், அதனால் அதை ஒரு டைல்ஸ் துண்டின் மேல் வையுங்கள். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடவிட்டு அவ்வப்போது மீட்டரைப் பாருங்கள். 4.75 முதல் 5.25 வரை இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் அந்தச் சப்ளையின் கதை முடிந்தது.

என் கருத்தைக் கேட்டால், சோதனையில் தேறினாலும் எபாக்சி ஊற்றிய பழைய சப்ளையை இனி பயன்படுத்தவே கூடாது. இன்று தேறியது நாளை ஏறலாம். இப்போது புதிதாகச் செய்து விற்கும் சப்ளை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த கம்ப்யூட்டர் என்றால் இன்னொரு கவனமும் தேவை. அதன் சப்ளை 120 வோல்ட்டுக்கானது. நம் ஊர் 230 வோல்ட்டில் செருகினால் அந்த நொடியே முடிந்தது. சப்ளைப் பெட்டியை உடைத்துப் பழுது பார்க்கும் எண்ணமும் வேண்டாம், உள்ளே இருப்பது மெயின்ஸ் மின்சாரம்.

படி 2: என்னென்ன தேவை

மல்டிமீட்டர், லாஜிக் புரோப் (சிப்பின் காலில் சிக்னல் மேலே நிற்கிறதா, கீழே நிற்கிறதா, துடிக்கிறதா என்று காட்டும் கருவி), வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சி, 16 கால் ஐசி சாக்கெட்டுகள், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மணிக்கட்டில் கட்டும் எர்த் பட்டை. ஆசிலோஸ்கோப் இருந்தால் வசதி, கட்டாயமில்லை. இவற்றில் பெரும்பாலானவை சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் சாதாரணமாகக் கிடைக்கும்.

இவற்றோடு, கம்ப்யூட்டரில் செருகி அதைச் சோதிக்கும் டெட் டெஸ்ட் கார்ட்ரிட்ஜ் ஒன்றும் வேண்டும். கொமடோர் நிறுவனமே தன் சர்வீஸ் ஆட்களுக்காகச் செய்தது அது, அதன் எண் 781220. நகல்கள் இப்போதும் விற்கிறார்கள். இது இல்லாமல் கறுப்பு ஸ்க்ரீனோடு மல்லுக்கட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுகிற வேலை.

படி 3: எந்த போர்டு என்று பாருங்கள்

போர்டின் மேல் அசெம்பிளி எண் அச்சிடப்பட்டிருக்கும். 326298, 250407, 250425 ஆகியவற்றில் எட்டு ரேம் சிப்கள் உண்டு. 250466-இல் இரண்டே இரண்டு பெரிய ரேம்கள். 250469 என்பது பிற்காலத்துச் சின்ன போர்டு, அதில் சிப்களும் மின்சார அமைப்பும் வேறு. இனி நான் சொல்லும் யூ எண்கள் (போர்டில் ஒவ்வொரு சிப்பின் இடத்தையும் குறிப்பவை) 250407, 250425 போர்டுகளுக்கானவை. உங்களுடையது வேறு என்றால் அந்த போர்டின் சர்க்யூட் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள், எண்கள் மாறினாலும் தேடும் முறை மாறாது.

போர்டைத் தொடும் முன் எர்த் பட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒலிக்கான சிட் சிப், யூ18, சாக்கெட்டில் இருந்தால் மெதுவாகக் கழற்றிப் பத்திரப்படுத்திவிடுங்கள். அது இல்லாமலே கம்ப்யூட்டர் எழுந்து நிற்கும். கொமடோர் 1994-இல் திவாலானது, அசல் சிட் இனி யாரும் செய்யப்போவதில்லை. அதை வைத்துக்கொண்டு சோதனை நடத்த வேண்டிய தேவையும் இல்லை.

படி 4: மின்சாரம் கொடுக்கும் முன்

வெடித்த கெப்பாசிட்டர், கருகிய தடம், மேல்பாகம் விரிந்த ஐசி ஏதாவது தெரிகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலும் எதுவும் தெரியாது. அதிக வோல்டேஜில் செத்த ரேம் வெளியே பார்க்கப் புத்தம் புதிதாகவே இருக்கும்.

அடுத்து ப்யூஸ். கண்ணால் பார்த்தால் போதாது, கழற்றி ஓம் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பிறகு 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் ஷார்ட் இருக்கிறதா என்று ஓம் அளவில் பாருங்கள். இதற்கு ஏதாவது ஒரு ரேம் சிப்பின் கால்களே வசதி. ஆனால் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். சாதாரண 16 கால் 74 வகைச் சிப்பில் 16-ஆவது காலில் 5 வோல்ட், 8-ஆவது காலில் கிரவுண்டு. 4164 ரேமில் இது தலைகீழ், 8-இல் 5 வோல்ட், 16-இல் கிரவுண்டு. ஓரிரண்டு ஓம் மட்டும் காட்டினால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. சாக்கெட்டில் உள்ள சிப்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றியதும் ஷார்ட் விலகுகிறது என்று பாருங்கள்.

படி 5: வோல்டேஜ்கள்

இப்போது புதிய சப்ளையை மாட்டி சுவிட்சைப் போடுங்கள். சிவப்பு விளக்கு எரிவதை நம்பி எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். அது 5 வோல்ட்டில் எரிகிறது, 9 வோல்ட் பக்கம் செத்துக் கிடந்தாலும் எரியும்.

மூன்று இடங்களை அளக்க வேண்டும். ரேமின் 8-ஆவது காலில் 5 வோல்ட். விக் சிப்பின் 40-ஆவது காலில் 5 வோல்ட், இதுதான் போர்டிலேயே தயாராகும் தனி 5 வோல்ட். அதே விக்கின் 13-ஆவது காலில் 12 வோல்ட், இது 7812 ரெகுலேட்டரிலிருந்து வருகிறது. விக்கின் கிரவுண்டு 20-ஆவது கால்.

முதலாவது இருந்து மற்ற இரண்டும் இல்லையென்றால் ப்யூஸ், சுவிட்ச், பிரிட்ஜ் ரெக்டிஃபையர் என்று ஏசி பாதையைத் தொடருங்கள். சுவிட்சின் உள்தகடு துருப்பிடித்து ஒரு பாதை மட்டும் போகாமல் நிற்பது இந்தக் கம்ப்யூட்டரில் சகஜம். இரண்டில் ஒன்று மட்டும் இல்லையென்றால் அதற்குரிய ரெகுலேட்டரைப் பாருங்கள். வோல்டேஜ்கள் மூன்றும் சரியாக வராமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

அளந்துகொண்டிருக்கும்போதே சிப்களின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். விக், எந்தச் சிப்புக்கு எப்போது முறை என்று தீர்மானிக்கும் பிஎல்ஏ சிப், சிபியு எல்லாம் நன்றாகவே சூடேறும், அது அவற்றின் இயல்பு. ரேம் மட்டும் வெதுவெதுப்பாகத்தான் இருக்க வேண்டும். எட்டில் ஒன்று சில நொடிகளில் விரலைச் சுட்டால் அது செத்துவிட்டது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். உடனே அணைத்துவிட்டு அதில் ஒரு புள்ளி வையுங்கள். ஆனால் சுடாத ரேம் எல்லாம் நல்லது என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது.

படி 6: ஸ்க்ரீன் என்ன சொல்கிறது

வழக்கமான நீல ஸ்க்ரீன் வந்து, 38911 பைட் காலி என்பதற்குப் பதில் குறைந்த எண் காட்டினால் ரேமில் பழுது. கம்ப்யூட்டர் எழும்போது, அதைத் தொடங்கி வைக்கும் நிரல் உள்ள கெர்னல் ரோம், ரேமைக் கீழிருந்து மேலாகச் சோதித்துக்கொண்டு வரும், முதல் பழுது கண்ட இடத்தில் நின்றுவிடும். அந்த இடம் வரை எண்ணியதுதான் நீங்கள் பார்க்கும் எண்.

எழுத்துகளுக்குப் பதில் குப்பையாகக் கட்டங்கள் தெரிந்தால் எழுத்து ரோம், யூ5. எழுத்து சரியாக இருந்து நிறங்கள் மட்டும் மாறி மினுங்கினால் நிற ரேம், யூ6-இல் உள்ள 2114. கரை நிறம் வந்து உள்ளே எழுத்தே இல்லையென்றால் பேசிக் ரோம், யூ3 மேல் சந்தேகப்படலாம். எல்லாம் வந்து கர்சர் மட்டும் சிமிட்டவில்லை, கீபோர்டும் வேலை செய்யவில்லை என்றால் யூ1-இல் உள்ள சிஐஏ, அதாவது கீபோர்டைக் கவனிக்கும் சிப்.

முழுக் கறுப்பு ஸ்க்ரீன்தான் அதிகம் பேருக்கு வருவது. அதற்குக் காரணம் பலவாக இருக்கலாம் என்பதால் கார்ட்ரிட்ஜை எடுக்க வேண்டிய நேரம் இது.

படி 7: டெட் டெஸ்ட்

கம்ப்யூட்டரை அணைத்த பிறகே கார்ட்ரிட்ஜைச் செருக வேண்டும், எடுக்கும்போதும் அப்படியே. இது கெர்னல் ரோமை ஓரங்கட்டிவிட்டுத் தன் சொந்த நிரலை ஓட்டுகிறது. அதற்கு சிபியு, பிஎல்ஏ, விக், கடிகாரம் ஆகியவை மட்டும் உயிரோடு இருந்தால் போதும்.

சுவிட்சைப் போட்டதும் ஸ்க்ரீன் கொஞ்ச நேரம் கறுப்பாக இருக்கும். பொறுமையாக இருங்கள், அப்போதுதான் ரேமைச் சோதித்துக்கொண்டிருக்கிறது. ரேமில் பழுது கண்டால் ஸ்க்ரீன் விட்டுவிட்டுப் பளிச்சிடும். ஒரு இடைவெளிக்கும் அடுத்த இடைவெளிக்கும் நடுவில் எத்தனை முறை பளிச்சிடுகிறது என்று எண்ணுங்கள்:

1 முறை – யூ12
2 முறை – யூ24
3 முறை – யூ11
4 முறை – யூ23
5 முறை – யூ10
6 முறை – யூ22
7 முறை – யூ9
8 முறை – யூ21

ஒரே ஒரு எண் திரும்பத் திரும்ப வந்தால் அந்த ரேமை மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவை போடும்போதும் எண் மாறுகிறது என்றால், பல ரேம்கள் போயிருக்கலாம் அல்லது ரேமுக்கு முகவரி கொடுக்கும் யூ13, யூ25 என்ற இரண்டு 74எல்எஸ்257 சிப்களில் ஒன்று போயிருக்கலாம். அவற்றில் எம்ஓஎஸ் 7708 என்று அச்சிட்டிருந்தாலும் அதே வகைதான், அவை கெட்டுப்போவதில் பெயர் வாங்கியவை. இந்த இரண்டில் ஒன்று செத்தால் எட்டு ரேமும் செத்தது போலவே தெரியும். எட்டையும் கழற்றும் முன் இவற்றின் கால்களில் லாஜிக் புரோப் வைத்துப் பாருங்கள். உள்ளே போகும் சிக்னல் துடித்து வெளியே வருவது அசையாமல் நின்றால் குற்றவாளி அதுதான்.

கார்ட்ரிட்ஜ் போட்டால் சோதனை முழுதும் ஓடுகிறது, எடுத்துவிட்டால் கறுப்பு என்றால் முதல் சந்தேகம் யூ4-இல் உள்ள கெர்னல் ரோம், இரண்டாவது பிஎல்ஏ.

படி 8: கார்ட்ரிட்ஜ் போட்டும் கறுப்பு என்றால்

இங்கேதான் லாஜிக் புரோப் தன் விலைக்கு வேலை செய்யும்.

முதலில் ரீசெட். சிபியு யூ7-இன் 40-ஆவது காலில் மீட்டரை வைத்துக்கொண்டு சுவிட்சைப் போடுங்கள். ஒரு கணம் கீழே இருந்துவிட்டு மேலே ஏறி அங்கேயே நிற்க வேண்டும். கீழேயே கிடந்தால் சிபியு எழவே இல்லை. யூ20-இல் உள்ள 556 டைமரையும், அதன் சிக்னலைத் திருப்பிப் போடும் யூ8, 7406-ஐயும் பாருங்கள்.

அடுத்து கடிகாரம். சிபியு 1-ஆவது காலில் கடிகாரம் உள்ளே வருகிறது. பால் (PAL) என்ற டிவி முறைக்கான கம்ப்யூட்டரில் 0.985 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்க வகையில் 1.023. ஃப்ரீக்வென்சி காட்டும் மல்டிமீட்டரே இதற்குப் போதும். 39-ஆவது காலில் அதே துடிப்பு வெளியே வர வேண்டும். உள்ளே வந்து வெளியே வரவில்லையென்றால் சிபியு போய்விட்டது. உள்ளேயே வரவில்லையென்றால் விக்கையும் கடிகாரச் சுற்றையும் நோக்கிப் பின்னால் போங்கள்.

அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஏதாவது ஒரு ரேமின் 4-ஆவது காலில் புரோப் வையுங்கள். இது விக் சிப்பிலிருந்து நேராக வரும் சிக்னல். துடித்தால் விக் உயிரோடு இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பிறகு 15-ஆவது கால். இதுவும் விக்கிலிருந்து கிளம்புவதுதான், ஆனால் பிஎல்ஏ வழியாக வருகிறது. 4 துடித்து 15 அசையவில்லையென்றால் யூ17, பிஎல்ஏவை மாற்றிப் பாருங்கள். பவர் சப்ளை கெடாத கம்ப்யூட்டரிலும் சூட்டினாலேயே அடிக்கடி சாகும் சிப் அது.

எல்லாம் துடிக்கிறது, ஆனாலும் கறுப்பு என்றால் சிபியுவின் 30 முதல் 37 வரையுள்ள டேட்டா கால்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்று மட்டும் மேலேயோ கீழேயோ ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கம்பியில் இருக்கும் ஏதோ ஒரு சிப் அதைப் பிடித்து இழுக்கிறது. சாக்கெட்டில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி எப்போது விடுபடுகிறது என்று கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை அணைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

படி 9: ரேமை மாற்றுவது

கழற்றும் முன் ஒரு எளிய சோதனை உண்டு. நல்ல 4164 ஒன்றைச் சந்தேகமான ரேமின் முதுகில், கால்கள் எல்லாம் தொடும்படி அதே திசையில் ஏற்றி அழுத்திவிட்டு, அதன் பிறகு கம்ப்யூட்டரைப் போடுங்கள். பழுது மாறினால் கீழே இருப்பது கெட்டது. மாறவில்லையென்றால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. கீழே உள்ள ரேம் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தால், மேலே வைத்த நல்ல ரேமின் சிக்னலையும் அது அமுக்கிவிடும்.

செத்தது உறுதியான பிறகு சிப்பைக் காப்பாற்ற முயலாதீர்கள், காப்பாற்ற வேண்டியது போர்டைத்தான். கூர்மையான கட்டர் கொண்டு கால்களை உடலை ஒட்டி வெட்டிவிடுங்கள். உடல் தனியே வந்துவிடும். பிறகு ஒவ்வொரு காலாகச் சூடாக்கி இடுக்கியால் எடுங்கள். 350 டிகிரி போதும். கிரவுண்டு கால் மட்டும் சுலபத்தில் உருகாது, சுற்றியுள்ள செப்புப் பரப்பு சூட்டை உறிஞ்சிவிடும். அங்கே புதிதாகக் கொஞ்சம் ஈயம் வைத்து உருக்கினால் பழையதும் சேர்ந்து இளகும். வராத காலைப் பிடித்து இழுத்தால் துளையின் உள்பூச்சும் கூடவே வந்துவிடும், அதைச் சரி செய்வது ரேம் மாற்றுவதைவிடப் பத்து மடங்கு வேலை.

துளைகளைச் சுத்தம் செய்து நல்ல சாக்கெட் வையுங்கள். சிப்பின் ஒரு முனையில் உள்ள வெட்டுக்குறி எந்தப் பக்கம் என்று சரிபார்த்துவிட்டு 150 அல்லது 200 நானோசெகண்ட் 4164-ஐச் செருகுங்கள். 4164 கிடைக்காவிட்டால் 41256-ஐப் போடலாம், அதன் 1-ஆவது காலை மட்டும் கிரவுண்டோடு இணைக்க வேண்டும்.

எத்தனை மாற்றுவது என்ற கேள்வி வரும். ஒன்று மட்டும் போயிருந்தால் ஒன்றை மாற்றிவிட்டுத் தொடருங்கள். இரண்டு, மூன்று போயிருந்தால் எட்டையும் மாற்றிவிடுவேன். ஒரே அடியை வாங்கிய மற்றவை பலவீனமாகவே இருக்கும். மைக்ரான் தயாரித்த எம்டி4264 என்ற ரேம்கள் உங்கள் போர்டில் இருந்தால் இரண்டாவது யோசனையே வேண்டாம். சப்ளை பழுது இல்லாமலேயே சாவதற்குப் பெயர்போனவை அவை.

படி 10: உறுதி செய்வது

நீல ஸ்க்ரீனில் 38911 என்று வந்ததும் மனம் நிறைந்துவிடும். ஆனால் அந்த எண் ரேம் முழுவதற்கும் தரப்பட்ட சான்று இல்லை. கெர்னலின் சோதனை பேசிக் ரோம் தொடங்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ரோம்களின் அடியில் ஒளிந்திருக்கும் ரேமை அது தொடுவதே இல்லை. டெட் டெஸ்ட்டும் ரேமின் முதல் 4 கிலோபைட்டை மட்டுமே பார்க்கிறது. ஆகவே 586220 என்ற எண் கொண்ட டயக்னாஸ்டிக் கார்ட்ரிட்ஜைப் போட்டு ஓரிரு மணி நேரம் விடாமல் ஓடவிடுங்கள். சூடேறிய பிறகு மட்டும் தலைகாட்டும் பழுதுகள் அப்போதுதான் வெளிவரும். போர்ட்டுகளில் மாட்டும் சோதனைக் கம்பிகள் உங்களிடம் இல்லையென்றால் அந்தச் சில சோதனைகளில் பழுது என்று காட்டும், அதற்காகக் கலங்க வேண்டாம்.

அது தேறிய பிறகு சிட் சிப்பைத் திரும்ப வையுங்கள். வைக்கும் முன் அதன் சாக்கெட்டில் 25-ஆவது துளையில் 5 வோல்ட்டும் 28-ஆவது துளையில் 12 வோல்ட்டும் வருகிறதா என்று அளந்துகொள்ளுங்கள். இந்த 12 வோல்ட் 6581 என்ற பழைய வகை சிட்டுக்கானது. 250469 சின்ன போர்டில் வரும் 8580-க்கு 9 வோல்ட்தான், இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, சப்ளைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் மாட்டும் ஒரு சிறிய பாதுகாப்புச் சுற்று வாங்கிக்கொள்ளுங்கள் அல்லது செய்துகொள்ளுங்கள். 5 வோல்ட் கம்பி ஏறத்தாழ 5.5-ஐத் தொட்டதும் ரிலே மூலம் இணைப்பைத் துண்டித்துவிடும். புதிய சப்ளை வைத்திருப்பவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். கம்ப்யூட்டரை மாட்டும் முன் அந்தச் சுற்றுக்கு வோல்டேஜை மாற்றக்கூடிய ஒரு பெஞ்ச் சப்ளையிலிருந்து 5 வோல்ட் கொடுத்து, மெதுவாக ஏற்றி, சரியான இடத்தில் துண்டிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.